நீங்கள் கேட்டவை: முறுக்கு அச்சும் மூன்று அங்குல ரொக்கெட்டும்

கடந்த இதழில், மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றி ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தேன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தபோது அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை, அதன் சுவோட்ஃபிஷ் விமானங்கள் கரையில் நின்றன என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஒரு வரி சேர்த்தேன்: 'அடுத்த வருடமே இதே ரக விமானத்தில் ரொக்கெட் பூட்டி ஒரு ஜேர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்தார்கள்.' கப்பலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதங்கள் முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆகவே இந்த மாதம் முழுதும் ரொக்கெட். சமையல் எரிவாயு, வேப்பெண்ணெய் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

துணி போர்த்திய இரட்டைச் சிறகு விமானம் என்று நீங்களே எழுதினீர்கள். பீரங்கிக்கு நிகரான ஆயுதத்தை அதில் எப்படிப் பூட்டினார்கள் ஐயா? பிய்ந்து விழாதா?
— ஓய்வுபெற்ற தபாலதிபர், களுவாஞ்சிக்குடி

பீரங்கியைப் பூட்டியிருந்தால் பிய்ந்துதான் விழுந்திருக்கும். குண்டு முன்னே போக, அதே உந்தம் பின்னே வந்து விமானத்தின் சட்டத்தில் அடிக்கும். ரொக்கெட்டில் அந்தப் பின்னுதைப்பை வெளியேறும் வாயு கொண்டுபோய்விடுகிறது. சிறகுக்குக் கீழே உள்ள தண்டவாளம் சுமப்பது ரொக்கெட்டின் எடையை மட்டும்தான்.

1943 மே 23இல் 'ஆர்ச்சர்' என்ற சிறிய விமானந்தாங்கியிலிருந்து கிளம்பிய 819ஆம் படையணியின் சுவோட்ஃபிஷ் ஒன்று அத்திலாந்திக்கில் யூ-752 என்ற நீர்மூழ்கியை ரொக்கெட்டால் துளைத்தது. நீர்மூழ்கிகளுக்கென்று செய்த தலையில் வெடிமருந்தே கிடையாது. 25 இறாத்தல் திண்ம உருக்கு, அவ்வளவுதான். இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீரில் விழுந்தாலும் பரவாயில்லை. உள்ளே போனது மெல்ல வளைந்து மேலெழும்பி, நீர்மட்டத்துக்குக் கீழே கப்பலின் உடலில் போய்க் குத்தும். நீர்மூழ்கிக்கு ஒரு ஓட்டை போதும், அது பிறகு முங்க முடியாது.

விமானத்துக்கும் ரொக்கெட்டுக்கும் பொருத்தம் நன்றாக அமைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த ரொக்கெட்டுகள் சுழல்வதில்லை, வால் செட்டைகளால் நேர்ப்படுபவை. செட்டை வேலை செய்யக் காற்று வேகமாக ஓட வேண்டும். தரையிலிருந்து ஏவினால் தொடக்கத்தில் அந்த வேகம் கிடையாது. 12 அடித் தண்டவாளம் என்று வைத்துக் கணக்குப் பார்த்தாலும், அதை விட்டு வெளியேறும்போது செக்கனுக்கு 47 மீற்றர்தான் வரும். அந்த நேரத்தில் உதைப்பு இம்மியளவு கோணலாக இருந்தாலும் மூக்கு திரும்பிவிடும், செட்டை பிடிக்கும்போது காரியம் கெட்டிருக்கும். 400 மைல் வேகத்தில் கீழ்நோக்கிப் பாயும் டைஃபூன் விமானத்தில் பூட்டிய ரொக்கெட்டுக்கோ பிறக்கும்போதே செக்கனுக்கு 180 மீற்றர் கையில் இருக்கிறது. அதே மோட்டர்தான், ஆனால் ஆகாயத்திலிருந்து ஏவினால் சிதறல் குறைவு.

கோர்டைட் என்பது துவக்கு ரவைக்குள் இருக்கும் மருந்துதானே சேர்? அதையே அள்ளிக் குழாயில் போட்டால் ரொக்கெட் ஆகிவிடுமா?
— செங்கலடி வாசகர்

ஆகாது. குழாய் வெடித்துப் போகும்.

பழைய கோர்டைட்டில் நைத்திரோகிளிசரினையும் நைத்திரோசெலுலோசையும் அசற்றோன் என்ற கரைப்பானில் ஊறவைத்துப் பிசைந்து, மெல்லிய இழைகளாகப் பிழிவார்கள். பிறகு அசற்றோன் ஆவியாகி வெளியேற வேண்டும். நூல் கனத்தில் இருந்தால் அது சுலபம். ரொக்கெட்டுக்குத் தேவை கையால் சுற்றிப் பிடிக்கும் பருமனில் ஒரு தடி. அதன் நடுவிலிருக்கும் அசற்றோன் வெளியே வர மாதக்கணக்காகும், வந்தாலும் தடி சுருங்கி வெடிப்பு விடும். வெடித்த தடி என்ன செய்யும் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

வழி ஏற்கெனவே ஒரு இடத்தில் தயாராக இருந்தது. டோர்செட்டில் ஹோல்ட்டன் ஹீத் என்ற இடத்தில் பிரித்தானியக் கடற்படைக்குச் சொந்தமான கோர்டைட் தொழிற்சாலை. கப்பல் பீரங்கிகளுக்காக 1920களின் பிற்பகுதியிலேயே அங்கு கரைப்பான் இல்லாத கோர்டைட் செய்யப் பழகியிருந்தார்கள். அசற்றோனுக்குப் பதில் கார்பமைட் என்ற சேர்மானம். அது கலவையை இளக்கவும் செய்யும், நாட்பட்டுக் கெடாமல் காக்கவும் செய்யும். பசையைச் சூடான உருளைகளுக்கிடையே விட்டுத் தகடாக்கி, தகட்டைப் பாய் மாதிரிச் சுருட்டி, சூட்டோடு பெரிய அமுக்கிக்குள் வைத்து அச்சின் வழியே தள்ளுவார்கள். நம் வீட்டு முறுக்கு உரல் வேலைதான். அச்சின் துளை எந்த வடிவமோ, வருகிற தடியும் அந்த வடிவம். அசற்றோன் இல்லாததால் உலரவும் தேவையில்லை, சுருங்கவும் மாட்டாது. பீரங்கிக்காகக் கண்டுபிடித்தது பத்து வருடம் கழித்து ரொக்கெட்காரருக்கு வாய்த்தது.

நான் உயர்தரம் பௌதிகப் பிரிவில் படிக்கிறேன். அந்த ரொக்கெட்டுக்குள் இருந்த எரிபொருள் சிலுவை வடிவத்தில் இருந்ததாக ஒரு படத்தில் பார்த்தேன். குழாய் வட்டம், எரிபொருள் மட்டும் ஏன் சிலுவை? வட்டமாகவே நிரப்பினால் இன்னும் கூடப் பிடிக்குமே சேர்?
— மாணவி, மருதமுனை

கெட்டிக்காரப் பிள்ளை. இந்த மாதக் கடிதங்களில் சரியான இடத்தில் கை வைத்தது நீங்கள்தான்.

முதலில் அளவுகளைச் சொல்கிறேன். இந்த ரொக்கெட்டுக்கு 'மூன்று அங்குலம்' என்று பேர், உண்மையில் உருக்குக் குழாயின் வெளி விட்டம் 3.25 அங்குலம். நீளம் ஏறக்குறைய 55 அங்குலம், அதாவது உங்கள் தோள் உயரம் இருக்கும். உள்ளே சுமார் 11 இறாத்தல் கோர்டைட். விமான எதிர்ப்புக்குப் பாவித்த ரொக்கெட் மொத்தம் 54 இறாத்தல். மருந்து எரிவது 1.5 செக்கன் மட்டும், அதற்குள் வேகம் செக்கனுக்கு 1,500 அடி. ஆர்முடுகலைக் கணித்துப் பாருங்கள், புவியீர்ப்பைப் போல் 30 மடங்கு வரும்.

இப்போது எரிதல். திண்ம எரிபொருள் மேற்பரப்பில் மட்டும் எரியும், மேற்பரப்புக்குச் செங்குத்தாக உள்நோக்கி, எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில். ஆகவே ஒரு கணத்தில் எவ்வளவு வாயு பிறக்கிறது என்பதைத் தீர்மானிப்பது மருந்தின் நிறை அல்ல, அந்தக் கணத்தில் வெளியே தெரியும் பரப்பு. நீங்கள் சொன்னபடி குழாயை வட்டமாக நிரப்பினால் எரியக் கிடைப்பது பின்முனை மட்டும். சிகரெட் மாதிரி மெதுவாகப் போகும். அந்த வாயு 54 இறாத்தலைத் தூக்கக் காணாது.

சரி, குழாயை விடச் சிறிய திண்ம உருளை ஒன்றை வைத்து எல்லாப் பக்கமும் எரிய விடுவோம். தொடக்கத்தில் பரப்பு கூட. ஆரை குறையக் குறையப் பரப்பும் குறைந்து கடைசியில் பூச்சியம். உதைப்பு தடால் என்று தொடங்கி நோஞ்சானாக முடியும். தொடக்க அமுக்கத்தைத் தாங்கக் குழாயைத் தடிப்பாகச் செய்ய வேண்டும், அந்தத் தடிப்பு பிறகு வீண் சுமை.

துளையுள்ள உருளை? அழகான தீர்வு. வெளிப்பரப்பு சுருங்க, உட்துளை விரிய, கூட்டுத்தொகை மாறாது. இதை நீங்களே 2πr வைத்து நிறுவலாம். பிரித்தானியர் இப்படிக் குழாய் வடிவத் தடிகளையும் பாவித்தார்கள். ஆனால் நீளமான ஒடுங்கிய துளைக்குள் பிறக்கும் வாயு வெளியே வர அவதிப்படும். துளைக்குள் அமுக்கம் ஒன்று, வெளியே இன்னொன்று, நடுவில் சுவர் மெலிந்துகொண்டே போகிறது. கடைசியில் தடி பிளந்துவிடும்.

பிளந்தால் என்ன? இங்கேதான் முக்கியமான சங்கதி. எரியும் வேகம் அமுக்கத்தோடு கூடும், அமுக்கத்தின் ஓர் அடுக்குப்படி. அடுக்கை 0.7 என்று எடுத்துக்கொள்ளுங்கள். எரிபரப்பு 10 சதவீதம் கூடினால் சமநிலை அமுக்கம் 1.1இன் (1/0.3)ஆம் அடுக்கு, அதாவது 37 சதவீதம் கூடும். ஒரு மயிரிழை வெடிப்பு எவ்வளவு புதுப் பரப்பைத் திறக்கும் என்று யோசியுங்கள். ரொக்கெட் குண்டாகிவிடும். அடுக்கு 1ஐத் தொட்டால் சமநிலையே கிடையாது.

சிலுவைக்கு வருவோம். அதில் உட்துளை இல்லை, எனவே உள்ளே அடைபட ஒன்றுமில்லை. நான்கு கைகளுக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே நான்கு அகலமான வாய்க்கால்கள். வாயு தாராளமாக நொசிலுக்கு, அதாவது அது பீறிட்டு வெளியேறும் பின்வாய்க்கு, ஓடும். கைகளின் நுனிகள் சுவரை ஒட்டி நிற்பதால் தடி ஆடாமல் நடுவில் இருக்கும். எரிபரப்பு? கொப்பியில் ஒரு சிலுவை கீறி, ஒவ்வொரு பக்கத்தையும் 2 மில்லிமீற்றர் உள்ளே தள்ளுங்கள். வெளி மூலைகள் எட்டும் சுற்றளவைத் தின்னும், உள் மூலைகள் நான்கும் வட்டவில்லாக விரிந்து கொஞ்சத்தைத் திருப்பித் தரும். ஆகவே பரப்பு குறையும், ஆனால் உருளை போல் பூச்சியத்துக்கு ஓடாது, கைகள் தீரும்வரை தாக்குப்பிடிக்கும். அமெரிக்கர் இன்னொரு படி போய், சிலுவைக் கைகளின் நுனியில் எரியாத பிளாஸ்டிக் பட்டிகளை ஒட்டினார்கள். நுனி எரியாவிட்டால் பரப்பு கிட்டத்தட்ட மாறாமல் நிற்கும், பட்டியின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து உதைப்பை வேண்டியபடி செதுக்கலாம். 1941இல் கால்டெக் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் லோரிற்சன் இங்கிலாந்துக்குப் போய்ப் பார்த்துத் திரும்பிய பிறகுதான் அமெரிக்காவில் இந்த வேலை சூடுபிடித்தது.

தடியின் பின்னால், நொசிலுக்கு முன்னே ஓர் உருக்குக் கிராதி இருக்கும். எரிந்து மெலிந்த துண்டுகள் ஓடிப்போய் நொசிலை அடைத்துவிடாமல் தடுக்க. சிறிய சாமான்தான், அது இல்லாவிட்டால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண்.

சிலுவையின் குறை ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. வாய்க்கால்களில் ஓடும் கொதிவாயு நேரே குழாய்ச் சுவரில் படுகிறது. 1.5 செக்கனில் எரிந்து முடிவதால் உருக்கு இளகுமுன் காரியம் முடிந்துவிடும். பத்து செக்கன் எரிய வேண்டுமானால் இந்த வடிவம் சரிவராது. அதனால்தான் போருக்குப் பின் வந்த பெரிய மோட்டர்களில் மருந்தைச் சுவரோடு ஒட்டி வார்த்து, நடுவில் நட்சத்திர வடிவத் துளை விட்டார்கள். மருந்தே சுவருக்குக் காப்பு. 1957இல் பறக்கத் தொடங்கிய 'ஸ்கைலார்க்' ஆய்வு ரொக்கெட்டின் 'ரேவன்' மோட்டர் அந்தப் பரம்பரை.

உங்கள் பௌதிகவியல் ஆசிரியரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். 0.7க்குப் பதில் 0.3 போட்டால் என்ன வருகிறது என்று கணித்து எனக்கு எழுதுங்கள்.

நம் சித்திரை வெயிலில் அந்த ரொக்கெட் ஒழுங்காக வேலை செய்திருக்குமா?
— அக்கரைப்பற்று வாசகர்

இதை அவர்களே யோசித்தார்கள். கோர்டைட் சூடாக இருந்தால் வேகமாக எரியும், குளிர்ந்திருந்தால் மந்தமாக எரியும். மேலே மாணவிக்குச் சொன்ன அதே கணக்கு இங்கும் பொருந்தும்: எரிவேகத்தில் சிறிய ஏற்றம், அமுக்கத்தில் பெரிய ஏற்றம். குழாயையும் நொசில் வாயையும் ஸ்கொட்லாந்துப் பனிக்கும் பர்மா வெயிலுக்கும் நடுவே ஒரே அளவில் தீர்மானிக்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து வாயை அகலமாக விட்டால் குளிரில் அமுக்கம் விழுந்து விக்கும், சிலவேளை அணைந்தே போகும். ஆகவே ஒவ்வொரு மோட்டருக்கும் இன்ன வெப்பநிலைக்குள் மட்டும் ஏவு என்று எல்லை உண்டு. பர்மாவில் போஃபைட்டர் விமானங்கள் இதே ரொக்கெட்டைப் பாவித்தன. அங்கே வெயிலில் விமானத்தோடு நிற்கும் ரொக்கெட் என்பது மேசையில் கிடக்கும் பாத்திரம் போன்றதல்ல, அதன் சூட்டைக் கவனிக்க ஆள் வேண்டும். 1938–39 குளிர்காலத்தில் மூன்று அங்குல ரொக்கெட்டின் பெரிய ஏவுசோதனைகளை ஜமெய்க்காவுக்குக் கொண்டுபோய்ச் செய்தார்கள். நம்மைப் போல் வெக்கையான தீவு.

திப்பு சுல்தானிடமிருந்து திருடியதுதானே வெள்ளைக்காரனின் ரொக்கெட்?
— ஏறாவூர் வாசகர்

பாதி சரி. 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் மைசூர் ரொக்கெட்டுகளால் ஆங்கிலேயர் நன்றாக வாங்கிக் கட்டினார்கள். மைசூர்க்காரரின் சூட்சுமம் இரும்புக் குழாய். காகிதக் குழாய் தாங்காத அமுக்கத்தை அது தாங்கியது. 1799இல் ஸ்ரீரங்கபட்டணம் விழுந்தபின் கைப்பற்றியவை இங்கிலாந்துக்குப் போயின, வில்லியம் கொங்கிரீவ் அவற்றிலிருந்து தொடங்கினார். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் தவாளிப்புப் பீரங்கி வந்ததும் ரொக்கெட்டை மூட்டை கட்டிவிட்டார்கள். 1930களில் கென்ற் மாவட்டத்து ஹால்ஸ்டெட் கோட்டையில் அல்வின் குரோ தலைமையில் தொடங்கியவர்கள் கரிமருந்தைத் தொடவில்லை. கோர்டைட், மின்சாரத் தீமூட்டி, வால் செட்டை என்று புதிதாகத்தான் தொடங்கினார்கள். கொங்கிரீவிலிருந்து குரோவுக்கு நேர்வாரிசுக் கோடு கீற முடியாது.

பீரங்கி இருக்கும்போது எதற்கு ரொக்கெட் என்று அலட்டிக்கொண்டார்கள்?
— காரைதீவு வாசகர்

பீரங்கிக் குழல் கடைய நல்ல உருக்கும், நல்ல இயந்திரமும், நாளும் வேண்டும். மூன்றும் 1940இல் பிரித்தானியாவிடம் தட்டுப்பாடு. ரொக்கெட்டுக்குச் சாதாரண குழாயும் இரண்டு தண்டவாளமும் போதும். குறி பார்த்து ஒன்றை அடிக்க முடியாதுதான், ஆகவே எதிரி விமானங்களை நோக்கி ஒரே நேரத்தில் நூற்றுக்கு மேல் அனுப்பினார்கள். 1942க்குப் பிறகு 'இசட் பற்றரி' எனப்பட்ட இந்த ஏவுதளங்களில் ஊர்காவல் படையின் தொண்டர்கள் நின்றார்கள். பகலில் கடையும் கந்தோரும், இரவில் ரொக்கெட். என் கருத்தில், ஆயுதமாகப் பார்த்தால் அது சுமார்தான். உற்பத்தி செய்யக்கூடிய பொருளாகப் பார்த்தால் அபாரம். டைஃபூனைப் பற்றிய பெருமைக் கதைகளிலும் பாதியைத் தள்ளுபடி செய்யுங்கள். நோர்மண்டியில் போர் முடிந்த வயலில் இறங்கி எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், ரொக்கெட் பட்டு அழிந்த டாங்கிகள் விமானிகள் சொன்னதைவிட மிகக் குறைவு என்று கண்டார்கள். ஓட்டிகள் பயந்து டாங்கியை விட்டு ஓடியது வேறு கதை.

எங்கள் வயலுக்கு யானை வருகிறது. தருகிற யானை வெடி காணாது. பிவிசி குழாயில் மருந்து அடைத்து ரொக்கெட் மாதிரிச் செய்ய அளவு சொல்வீர்களா?
— மண்டூர் விவசாயி

சொல்ல மாட்டேன், தம்பி. உருக்குக் குழாய்க்கே 37 சதவீதக் கணக்கு என்ன செய்யும் என்று மேலே பாருங்கள். பிவிசி சிதறினால் துண்டு எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது, வைத்தியர் தேடிக்கொண்டிருப்பார். யானை வெடியைக்கூடக் கையில் பிடித்துக் கொளுத்தி விரல் இழந்தவர்களை படுவான்கரையில் நீங்களே அறிவீர்கள். வெடி காணாவிட்டால் ஊராக ஒன்றுசேர்ந்து கேளுங்கள், மின்வேலியைக் கேளுங்கள்.

கரைவலையில் துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று, ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் ஓட்டை. ஹேர்மிஸ் கப்பலின் ரொக்கெட்டாக இருக்குமா? வீட்டுக் கோடியில் வைத்திருக்கிறேன்.
— வாழைச்சேனை மீனவர்

விமான ரொக்கெட் கடற்படைக்கு வந்தது 1943இல். ஹேர்மிஸ் மூழ்கியது 1942இல். ஆகவே அது இல்லை. அதைவிட, நம் கரையில் கிடக்கும் இரும்பு எல்லாம் அந்தப் போருடையதல்ல என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதை வாசித்த கையோடு பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிடாமல் நிறுத்துங்கள். தட்ட வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடவே வேண்டாம். 119க்கு அழையுங்கள், பொலிசாரே உரிய பிரிவைக் கூட்டி வருவார்கள். துரு என்பது இரும்புக்கு மட்டும்தான். உள்ளே இருப்பது வயதாக ஆக இன்னும் சீண்டத்தகாததாகும். கடிதம் வந்த அன்றே ஆசிரியர் பீடத்திலிருந்து உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தோம். மற்றவர்களுக்காக இங்கும் போடுகிறேன்.

நான் தாதி. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் ஜி.டி.என். குளிசையும் இந்த நைத்திரோகிளிசரினும் ஒன்றா?
— ஆரையம்பதி வாசகி

ஒன்றேதான் மகள், மூலக்கூறில் ஓர் அணுகூட வித்தியாசமில்லை. குளிசையில் இருப்பது அரை மில்லிகிராம் அளவு, மற்றதெல்லாம் நிரப்பு மா. அதனால் வெடிக்காது, அப்பச்சியின் குளிசைப் போத்தலைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். அது இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். ஸ்கொட்லாந்தில் பிஷப்டன் போன்ற தொழிற்சாலைகளில் கோர்டைட் பிசைந்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். தோல் வழியாக அது உடம்பில் ஏறும், வேலைக்குச் சேர்ந்த புதிதில் மண்டை பிளக்கும் தலையிடி. சில நாளில் உடம்பு பழகிவிடும், விடுமுறைக்குப் போய்த் திரும்பினால் தலையிடி மறுபடி முதலிலிருந்து. உங்கள் வாட்டில் தோலில் ஒட்டும் ஜி.டி.என். பட்டையை இரவில் கழற்றிவைக்கச் சொல்வதும் அதே பழக்கத்தை உடம்பு பிடித்துவிடாமல் இருக்கத்தான்.